அமெரிக்கர்களை ஒரு தேசமாக்கும் நம்பிக்கைகள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி ஒருவர்: ஒரே இனம், ஒரே மதம், ஒரே பூர்விகம் என்று எதுவும் இல்லாத மக்களை அமெரிக்கர்களாக இணைப்பது எது, ஐயா?

பதில்: 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தின் சில வரிகளையே முதலில் சொல்வேன். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், உயிர் வாழவும் சுதந்திரமாக இருக்கவும் மகிழ்ச்சியை நாடவும் அவர்களுக்குள்ள உரிமை பறிக்க முடியாதது, ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே அரசு அதிகாரம் பெறுகிறது என்று அது அறிவித்தது. பதவியேற்கும் அதிபரும் குடியுரிமை பெறும் புதியவரும் அரசியலமைப்பைக் காப்பதாகவே உறுதியேற்கிறார்கள். எந்தத் தலைவருக்கும் எந்த மதத்துக்கும் விசுவாசம் தெரிவிப்பதில்லை.

ஒரு வாசகர்: அந்த வரிகளை எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தார். இவை ஏட்டுச் சுரைக்காய்தானே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார்; கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த வரிகளை இறுகப் பற்றிக்கொண்டவர்கள், அவற்றின் பயன் மறுக்கப்பட்டவர்களே. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் பேசியபோது, உங்கள் ஜூலை 4 அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். அதே உரையில், பிரகடனத்தின் கொள்கைகளை எந்நிலையிலும் கைவிடாதீர்கள் என்றும் வேண்டினார். 1848-இல் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில் கூடிய பெண்ணுரிமை மாநாடு, ஆண்களும் பெண்களும் சமம் என்று அந்த வாக்கியத்தையே விரித்து எழுதியது. பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் இடம்பெற 1920 ஆயிற்று. எவரும் கையிலெடுத்து வழக்காடக்கூடிய வாக்குறுதியாகவே நான் இந்த நம்பிக்கையைப் பார்க்கிறேன்.

மற்றொருவர்: உழைத்தால் உயரலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

பதில்: அதற்குப் பல வேர்கள் உண்டு. 1862-இன் குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை தந்து அந்த எண்ணத்துக்கு உரமிட்டது. அந்நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியர் ஒருவர்: பள்ளியில் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கலாமா?

பதில்: கூடாது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள், கொடியை வணங்குவது தங்கள் சமயத்துக்கு ஒவ்வாது என்று மறுத்தபோது, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1940-இல் பள்ளிகளின் பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-இல், அதுவும் கொடி நாளான ஜூன் 14 அன்று, தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. நாட்டுப்பற்றில் எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார். போர்க்காலத்தில் இப்படி எழுதத் துணிந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்னொரு வாசகர்: இந்தியர்களுக்கு இந்தச் சமத்துவம் கிடைத்ததா?

பதில்: எளிதில் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இன் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 100 பேரையே குடியேற அனுமதித்தது. நாட்டு வாரியான அந்த ஒதுக்கீட்டு முறையை 1965-இன் குடியேற்றச் சட்டம் நீக்கிய பிறகே இந்தியர்கள் பெருமளவில் அங்கு செல்ல முடிந்தது.