வாங்கலாமா, வேண்டாமா? தெருவில் உட்கார்ந்து வரைபவர்களின் கேள்விகள்

மயிலாப்பூர் மாட வீதியில் உட்கார்ந்து வரைய ஆசை. 48 நிற நீர்வண்ணப் பெட்டி வாங்கட்டுமா? (கல்லூரி மாணவி, மந்தைவெளி)

வேண்டாம். 12 போதும்.

ஆன்லைனில் முக்காலி ஒன்று மலிவாக வருகிறது. தாங்குமா? (சேலம் வாசகர்)

எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். போடவில்லை என்றால் வாங்காதீர்கள். நான் வாங்கியது பூக்காரம்மா கண் முன்னாலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டது. கோயில் படிக்கட்டுக்குக் காசு கிடையாது.

அட்டையில் ‘300 ஜி.எஸ்.எம்.’ என்று போட்ட ஸ்கெட்ச்புக். இரண்டாவது பூச்சிலேயே தாள் நார்நாராக எழும்புகிறது, வானம் திட்டுத்திட்டாக நிற்கிறது. என் கைதான் சரியில்லையோ? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தாம்பரம்)

உங்கள் கையில் குறை இல்லை சார். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அவ்வளவுதான். கனமான தாள் ஈரத்தில் சீக்கிரம் நெளியாது. அதைத் தாண்டி அந்த எண் எதையும் சொல்லாது. தாள் பருத்தியா, மரக்கூழா? சைசிங் எப்படி? ஜெலட்டின் போன்ற பசையைத் தாளில் ஏற்றுவதைத்தான் சைசிங் என்கிறார்கள். அது சரியாக இருந்தால் நிறம் மேலே நின்று பரவும். இல்லாவிட்டால் தாள் உறிஞ்சிக் குடித்துவிடும். நல்ல தாள்கூட ஈரக்காற்றில் குடோனில் கிடந்தால் பசை கெட்டுப்போகும். சென்னையில் கேட்கவே வேண்டாம். எடையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மற்றதைப் பற்றி வாய் திறக்காத அட்டைகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோல் அட்டைக்கு மயங்கி நான் வாங்கிய ஒன்றில் இப்போது மளிகைக் கணக்கு ஓடுகிறது. ‘100 சதவீதம் பருத்தி’ என்று இருந்தால் மட்டும் கூடுதல் விலை கொடுங்கள். 22க்கு 30 அங்குல முழுத்தாளை எட்டாக நறுக்கி, கிளிப் அட்டையில் மாட்டிக்கொண்டாலும் சரி.

பேனா கோட்டின் மேல் நிறம் பூசினால் மை கரைகிறது. பேனாவில் ‘நீரில் கரையாது’ என்று எதுவும் போடவில்லை. புகார் கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

போடாத வாக்குறுதிக்கு என்ன புகார்? வாங்கும் முன் படித்துப் பார்த்திருக்கலாம். நீரில் கரையாத நிறமி மை ஊற்றிய மெல்லிய முனைப் பேனா, அதாவது நிறமி மை ஃபைன்லைனர் என்று கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் ஃபவுண்டன் பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றிவிடாதீர்கள்; ஷெல்லாக் எனும் அரக்கு கலந்த மை உள்ளே காய்ந்து அடைத்துவிடும். அப்புறம் அதற்கும் எனக்குத்தான் கடிதம் வரும்.

‘வெளிநாட்டுச் சரக்கு’ என்று 2,400 ரூபாய்க்கு வண்ணப் பெட்டி விற்றார்கள். வீட்டில் திறந்தால் பாதி வில்லைகள் தூள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டி விரட்டிவிட்டார்கள். (தையல் தொழில் செய்பவர், வியாசர்பாடி)

சேர்த்துவைத்த காசாக இருக்கும். விடாதீர்கள் அம்மா. அந்த வரியைக் காட்டி உங்களை விரட்ட முடியாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தராததும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உடைந்த வில்லைகளைப் படம் எடுங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அது தனிக் குற்றம். கடைக்கு எழுத்தில் கேளுங்கள், நகல் வையுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

தேன் கலந்த நீர்வண்ணம் உயர்ந்ததாமே? (நாகப்பட்டினம் வாசகர்)

நல்ல வண்ணம்தான். ஆனால் கடலோர ஈரத்தில் லேசில் காயாது, பையெல்லாம் பிசுபிசுக்கும். உங்கள் ஊருக்கு வேண்டாம்.