ஊர்சுற்றி பதில்கள்: லாவோஸுக்குப் போகிறவர்களுக்கு

கே: வேலை ஓய்வு பெற்றாயிற்று. நானும் மனைவியும் லாவோஸ் போகலாம் என்றிருக்கிறோம். "கடலே இல்லாத நாட்டில் என்னத்தைப் பார்ப்பது?" என்கிறாள் அவள். அங்கே ரயிலில் போவதா, படகில் போவதா?
– பட்டர்வொர்த் வாசகர்

ப: கடல் இல்லைதான் அண்ணே. தென்கிழக்காசியாவில் கடல் தொடாத ஒரே நாடு அது. மலையும் ஆறும்தான் அங்கே எல்லாம். அண்ணி தினமும் பினாங்குக் கடலைப் பார்த்தவர், ஒரு வாரம் ஆற்றைப் பார்க்கட்டுமே.

ரயில் 2021 டிசம்பரில் வந்தது. சீன எல்லையிலிருந்து தலைநகர் வியஞ்சான் வரை ஓடுகிறது. வடக்கே இருக்கும் லுவாங் பிரபாங் நகரில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வியஞ்சானில் இறங்கிவிடலாம். ஆனால் பாதையில் கிட்டத்தட்டப் பாதி சுரங்கம். மலையைப் பார்க்கப் போய் மலையின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், சன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். திரும்பி வரும்போது ரயில் பிடியுங்கள், போகும்போது வேண்டாம்.

தாய்லாந்தின் சியாங் கோங் பக்கம் பாலத்தைக் கடந்தால் ஹுவாய் சாய். அங்கிருந்து லுவாங் பிரபாங் திசையில் மேக்கோங் ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணம். இரவு பாக்பெங் என்ற சின்ன ஊரில் தங்கல். ஆற்றுக்குள் பாறைகள் அதிகம், இருட்டில் ஓட்டமாட்டார்கள்.

பினாங்கு ஃபெர்ரியின் எஞ்சின் அறையில் காலம் கழித்தவன் நான். எங்கே போனாலும் கண் முதலில் எஞ்சினைத்தான் தேடும். அந்தப் படகுகள் நீளம், ஒல்லி. எஞ்சின் கடைசியில், சுக்கான் சக்கரம் முன்னால். படகோட்டி தண்ணீரைப் படிக்கிறார்: எங்கே சுழிக்கிறது, எங்கே வழவழவென்று போகிறது, எங்கே சும்மா நுரைக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருப்புகிறார். மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்த பாறை கோடையில் ஆள் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும், அதனால் போன மாதத்துப் பாதை இந்த மாதம் உதவாது. நாங்களெல்லாம் ஒரே நீரிணையில் போய்ப் போய் வந்தவர்கள். இந்த வித்தை எங்களுக்கு வராது. இருக்கைகள் பெரும்பாலும் பழைய வேன்களிலிருந்து கழற்றி வைத்தவை. பின்பக்கம் மட்டும் உட்காராதீர்கள், காது போய்விடும். காது போனவன் சொல்கிறேன், கேளுங்கள்.

நவம்பரிலிருந்து நீர் வடிய வடிய, கரையில் ஒதுங்கிய வண்டலில் கடலையும் கீரையும் போட்டுவிடுகிறார்கள். பாறை இடுக்கில் மூங்கிலை நட்டு வலை கட்டுகிறார்கள். சில மணல்திட்டுகளில் பெண்கள் மரத்தட்டில் மணலைச் சுழற்றித் தங்கத்தூள் அரித்துக்கொண்டிருப்பார்கள். எருமைகள் கழுத்து வரை தண்ணீரில். இதெல்லாம் மெதுவாகப் போகிறவர் கண்ணுக்குத்தான் படும். தலைக்கவசம் மாட்டி உட்கார வைக்கும் விசைப்படகு ஒன்றும் உண்டு. அதில் ஏறவே ஏறாதீர்கள்.

ஒரு விஷயம். லுவாங் பிரபாங்குக்குச் சுமார் 25 கிலோமீட்டர் மேலே 1,460 மெகாவாட் அணை ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. படகு நகர் வரை போகாமல் நின்றுவிடலாம், அதனால் சீட்டு வாங்கும்போதே "எங்கே இறக்கிவிடுவீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நகருக்குக் கீழே சாயபுரி அணை 2019-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கிளை ஆறான நாம் ஊவில் ஏழு அணைகள். நோங் கியாவிலிருந்து லுவாங் பிரபாங் வரை அதில் படகில் வந்த காலம் முடிந்துபோயிற்று. மின்சாரம் விற்றால்தான் அந்த நாட்டுக்குக் காசு, அது எனக்கும் புரிகிறது. ஆனாலும் போவதென்றால் சீக்கிரம் போங்கள் அண்ணே.

கே: எந்த மாதம் நல்லது?
– ஈப்போ வாசகி

ப: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரலில் மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி எரிப்பார்கள், எதிர்க்கரை மலைகூடத் தெரியாது. புகைமூட்டம் பார்க்க லாவோஸ் வரை போக வேண்டுமா? அது இங்கேயே வருகிறது.

கே: லாவோஸில் சிவன் கோயில் இருப்பதாக என் மருமகன் சொல்கிறான். உண்மையா?
– சுங்கைப் பட்டாணி வாசகர்

ப: மருமகன் சொன்னது சரிதான். தெற்கே சம்பாசாக்கில், மேக்கோங்கின் மேற்குக் கரையை ஒட்டிய மலையடிவாரத்தில் வாட் பூ கோயில். மலையுச்சியில் கல் ஒன்று இயற்கையாகவே லிங்கம் போல நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையான, கம்போடியாவை ஆண்ட கெமர்கள் காலத்தவை, வழிபாடு அதற்கும் முந்தையது. பாறையில் ஊறும் சுனைநீரைக் கல்வாய்க்காலில் கொண்டுவந்து லிங்கத்தின் மேல் ஓயாமல் விழ வைத்திருந்தார்கள். அபிஷேகத்துக்கு ஆள் தேவையில்லை, மலையே செய்துகொண்டிருந்தது. நம் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில்காரர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

இன்று கருவறையில் இருப்பவர் புத்தர். சந்நிதிக்குப் பின்னால் பாறையில் மும்மூர்த்திகள் அப்படியே இருக்கிறார்கள். கம்சனைக் கிழிக்கும் கண்ணனும், ஐராவதத்தின் மேல் இந்திரனும் வாசல் கல்லில். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படிக்கட்டு செங்குத்து, இருபுறமும் சம்பா மரங்கள். மலாய்க்காரர் மயானங்களில் நிற்குமே கெம்போஜா, அதேதான். அங்கே அது தேசிய மலர். முழங்கால் வலி உள்ளவர்கள் காலையிலேயே ஏறுங்கள். பாக்சே ஊரில் தங்கினால் காரில் போய்வரலாம்.

கே: அங்கே ஆற்றில் டால்பின் பார்க்கலாமா?
– கிள்ளான், பத்தாம் வகுப்பு மாணவன்

ப: இல்லை தம்பி. இராவதி டால்பின்கள் லாவோஸ் பக்கம் 2022-இல் இல்லாமல் போய்விட்டன. கம்போடியாவின் கிராத்தி ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அதே தெற்கில் கோன் பாபெங் அருவியைப் பார். அந்தப் பக்கத்து அருவிகளைத் தாண்டிக் கப்பல் விட முடியாமல்தான், சீனாவுக்கு ஆற்றுவழி தேடிய பிரெஞ்சுக்காரர்கள் தீவுகளுக்குள் குட்டி ரயில் போட்டுக் கப்பலைத் துண்டு துண்டாக ஏற்றிச் சென்றார்கள்.

கே: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– செந்தூல் வாசகி

ப: பட்டினி இல்லை அம்மா, ஆனால் கவனம் தேவை. படேக் என்ற புளித்த மீன் சாறு கண்ணுக்குத் தெரியாமல் பப்பாளி சாலட் வரை நுழைந்திருக்கும். "கின் ஜே" (சைவம் சாப்பிடுகிறேன்) என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஒட்டரிசிச் சோறு எங்கும் உண்டு, மூங்கில் கூடையில் வரும், கையால் பிசைந்து சாப்பிடலாம். காய்பென் தேடுங்கள்: தெளிந்த நீரில் பாறை மேல் வளரும் ஆற்றுப்பாசியை எள் தூவிக் காயவைத்துப் பொரிப்பது. வாயில் போட்டால் அப்பளம் ஞாபகம் வரும். பூண்டு சேர்ப்பார்கள், விலக்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு கொடுக்கிற மிளகாய்த் துவையலில் சில கடைகளில் எருமைத்தோல் போடுவார்கள், அதைத் தொடாதீர்கள். ஊறுகாய் போத்தல் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.