ஒரே வீட்டுக்குப் பத்து தடவை போங்கள்

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தான், கொத்தமங்கலம், ஆத்தங்குடி என்று சுற்றிப் பழைய வீடுகளையும் ஊருணிகளையும் படம் எடுக்கிறேன். இரண்டு வருடத்தில் நாலாயிரம் படம் சேர்ந்துவிட்டது. 18-55 லென்ஸோடு ஒரு பழைய கேமரா, அப்புறம் செல்போன். நேரில் மலைக்க வைக்கிற வீடு, படத்தில் சப்பென்று, பின்பக்கம் சாய்ந்த மாதிரி வருகிறது. வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்கலாமா? வீட்டுக்காரர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்களே, என்ன செய்வது? திருமயம் கோட்டையில் ட்ரைபாட் வைக்க விடுவார்களா?

பதில்: லென்ஸ் வாங்க வேண்டாம். உங்கள் லென்ஸில் அகலமான 18 மி.மீ. என்பதே ஒரு வளவுக்கு, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்துக்கு, போதும். இன்னும் அகலமாகப் போனால் பக்கத்துத் தூண் யானைக்கால் மாதிரி வீங்கிவிடும், எதிரே இருக்கிற பட்டாலை (உயர்த்திக் கட்டிய திண்ணைக் கூடம்) எங்கோ தூரத்துக்குப் போய்விடும்.

வீடு சாய்வது நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடிப்பதால். முகப்பின் உச்சியில் இருக்கிற கஜலட்சுமி சுதையையும் (சுண்ணாம்புச் சிற்பம்) சேர்க்க வேண்டும் என்று மேலே தூக்குகிறீர்கள், சுவர் மல்லாந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள், எதிர் வீட்டில் கேட்டுக்கொண்டு அவர்கள் திண்ணை மேல் ஏறி நின்றால் இன்னும் நல்லது, கேமராவை நேராகப் பிடியுங்கள். கீழே பாதிப் படத்துக்குத் தெரு வரும், வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

சப்பென்று வருவதுதான் பெரிய விஷயம். நாலாயிரம் படம் என்கிறீர்களே, அதில் ஒரே வீட்டை இரண்டாவது தடவை போய் எடுத்தது எத்தனை? ஒரு ஞாயிறில் மூன்று ஊர் என்றால் ஏதோ ஒரு ஊருக்குக் கட்டாயம் உச்சி வெயிலில்தான் போய்ச் சேருவீர்கள். நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பவை. கிழக்கு பார்த்த முகப்புக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் சுதையெல்லாம் நிழலில் கிடக்கும், பின்னால் வானம் வெள்ளைத் துணியாக நிற்கும். அதே வீட்டுக்கு மார்கழி, தை மாதத்தில் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். சூரியன் தென்கிழக்காக ஏறுவதால் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும், ஒவ்வொரு பூவுக்கும் இலைக்கும் அதனதன் நிழல் கிடைக்கும். சித்திரையில் அதே எட்டு மணி வெயில் நேருக்கு நேர் அடிக்கும், மறுபடி தட்டையாகிவிடும். இதை ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வருடம் முழுக்க ஒரே ஒரு வீடு, கூடிப்போனால் ஒரே ஒரு தெரு.

உள்ளே போனால் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு வளவில் காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வெயில் மேற்குப் பக்க ஓட்டில் மட்டும் இருந்தது. பிறகு தூணின் தலைப்பகுதியான போதிகையைத் தொட்டு, பர்மா தேக்கில் அங்குலம் அங்குலமாக இறங்கி, உச்சிவேளைக்கு முற்றத்துக் கல்லில் முழுதாக வந்து படுத்தது. அப்போது கல்லில் பட்ட வெளிச்சம் திரும்பிப் போய், அதுவரை கருப்பாக இருந்த மரக்கூரையின் அடிப்பக்கத்தைச் செம்பு நிறமாக்கியது. பத்து நிமிடம் இருந்திருக்கும். வெளியே படம் எடுக்கவே உதவாத நேரம், உள்ளே அப்படி.

அந்த மாதிரி இடத்தில் செல்போனின் எச்டிஆரை நிறுத்திவிடுங்கள். இருட்டையும் வெளிச்சத்தையும் ஒரே அளவாக்கி வீட்டையே மழுங்கடிப்பது அதுதான். முற்றத்து வெளிச்சத்தில் விரலை வைத்து, திரையில் வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். மூலைகள் இருட்டாகவே இருக்கட்டும், நேரிலும் அவை இருட்டுதானே. கேமரா என்றால் ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள். சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது என்று சொல்வார்களே, அதை நேரே நின்று எடுத்தால் வெறும் வெள்ளைதான், ஓரமாகச் சாய்வாக நின்றால் ஜன்னல் அதில் மிதக்கும். ஐப்பசி மழையில் நான்கு பக்க ஓட்டிலிருந்தும் முற்றத்தில் தண்ணீர் கொட்டும்போது கட்டாயம் போங்கள். ஊருணி, கண்மாய்க்கும் அதுதான் காலம், செம்புறாங்கல் படிக்கட்டு நனைந்து நிறம் ஏறியிருக்கும்.

சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று வருத்தப்படாதீர்கள். நிலைக்கதவும் தூணும் திருட்டுப் போகிற ஊரில் கேமராவோடு வருகிறவரைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். முதல் தடவை கேமராவை வெளியே எடுக்காமல் போய்ப் பேசுங்கள். எனக்கு ஒரு ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "இதை யாருக்குத் தம்பி அனுப்பப் போறீக?" என்பதுதான். யாருக்கும் இல்லை, உங்களுக்குத்தான் என்று சொல்லி அடுத்த வாரம் எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, பூட்டியே கிடந்த இரண்டாங்கட்டைத் தானாகத் திறந்துவிட்டார். லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் பிரிண்ட் போடுங்கள். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு எது, எந்தத் தெரு என்று மட்டும் எங்கேயும் போடாதீர்கள், படத்தில் பதிவாகும் இடக்குறிப்பையும் அணைத்துவிடுங்கள்.

தள்ளிப் போடவும் வேண்டாம். பின்கட்டு சமையல் பகுதி மட்டும் எடுக்காமல் விட்டிருந்த ஒரு வீட்டுக்கு எட்டு மாதம் கழித்துப் போனேன். வெறும் தரை. உத்தரமும் தூணும் டிராக்டரில் அடுக்கியிருந்தார்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தெடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊர், பராமரிக்க முடியவில்லை, யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பின்கட்டு என்னிடம் ஒரு படமாகக்கூட இல்லை. நீங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தால் முகப்பிலிருந்து அடுப்படி வரை, கிணறு, கதவுத் தாழ் உட்பட முழுதாக எடுத்து வையுங்கள்.

திருமயத்தைப் பற்றி: கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, ட்ரைபாட் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 1858இலேயே லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் எடுத்த, திருமயம் அடங்கிய புதுக்கோட்டைச் சீமைக் காட்சிகள் தொகுப்பாக வந்திருக்கின்றன. வானம் வெறுமையாக வந்தால் நெகட்டிவிலேயே கையால் மேகம் வரைந்தவர் அவர். நீங்கள் நிஜ மேகம் இருக்கிற நாளாகப் பார்த்து, அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு துண்டை மடித்து மதில் மேல் வைத்து, அதில் கேமராவைச் சாய்த்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ஆடாமல் வரும்.