ஒட்டுக்குக் கீழே வந்த துளிரை வெட்டலாமா?

கேள்வி: மொட்டை மாடியில் வைத்த ஒட்டு ரோஜா இரண்டு முறை பூத்தது, மணமே இல்லை. கோடையில் மேல்பாகம் காய்ந்துவிட்டது. இப்போது அடியிலிருந்து, காம்புக்கு ஏழு இலை உள்ள ஏழிலைக் கிளை ஒன்று கிடுகிடுவென வளர்கிறது. காட்டு ரோஜா, வெட்டிப் போடு என்கிறார்கள். எனக்கு வேண்டியது பாட்டி வீட்டில் இருந்த மாதிரி மணக்கும், லேசில் சாகாத ரோஜா. என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: கத்தரியைக் கீழே வையுங்கள். அந்தக் கிளை முதலில் பூக்கட்டும். நம் ஊரில் ஒட்டுக் கட்டும்போது, வேருக்காகக் கீழே வைக்கும் அடிச்செடியாக எட்வர்டு ரோஜாவையும் வைப்பார்கள். பூக்கடையில் பன்னீர் ரோஜா என்று உதிரியாக விற்பது பெரும்பாலும் அதுதான். நீங்கள் தேடுகிற செடி உங்கள் தொட்டியிலேயே இருக்கலாம். ஏழிலை இருந்தால் காட்டுச்செடி என்பதெல்லாம் பாதி உண்மை. பன்னீர் ரோஜாவுக்கும் ஏழிலை வரும். கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ வந்தால் மட்டும் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். இளஞ்சிவப்பில் அடுக்கிதழோடு மணந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

எட்வர்டு, போர்பன் வகையைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று ரீயூனியன் எனப்படும் போர்பன் தீவின் வேலிகளில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து உருவான வகை. மணம் டமாஸ்க்கிடமிருந்து வந்தது. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீனத்து வழி. ஆன்லைனில் காலிகா, ஆல்பா என்று ஐரோப்பிய பழைய ரோஜாக்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவற்றுக்குக் குளிர்காலம் வேண்டும். மதுரையில் இலைதான் மிஞ்சும்.

அடிக்கிளை ஏமாற்றினால், பன்னீர் ரோஜா வைத்திருப்பவரிடம் ஒரு குச்சி கேளுங்கள். பூத்து முடித்த, பென்சில் பருமனுள்ள கிளையில் 6 முதல் 8 அங்குலம் போதும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். பாதி மணல் கலந்த மண், வெயில் படாத வெளிச்சம், ஈரம். கொஞ்ச நாளில் துளிர் வரும். அதை நம்பிப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர்த்துவிடும், வேர் பிறகுதான் வரும். சொந்த வேரில் நிற்கும் செடி என்பதால் மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து அதே ரோஜாதான் திரும்ப வரும். லேசில் சாகாது என்று பாட்டி வீட்டுச் செடிக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

வேர் பிடித்ததும் 14 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மழைத் தண்ணீர் கிடைக்கும்போது பிடித்து ஊற்றுங்கள்.

கவனிக்காமல் விட்டாலும் செடி உயிரோடு இருக்கும், பூதான் குறையும். ரோஜா புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால் வருடம் ஒருமுறை, மழை ஓய்ந்து டிசம்பர் வாக்கில், பாதி உயரத்துக்குக் கவாத்து செய்து மக்கிய சாணம் போடுங்கள். நுனி கருகியிருந்தால் தண்டின் நடு வெள்ளையாகத் தெரியும் வரை வெட்ட வேண்டும்.

பூவை விடிகாலையில், பாதி விரிந்திருக்கும்போது பறியுங்கள். வெயில் ஏறினால் மணம் போய்விடும். குல்கந்து போடுவதாக இருந்தால் பூச்சிக்கு வேப்பெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடை மருந்து வேண்டாம்.