கை திரும்புமா? ரத்தத்தைக் கேட்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று வாரம் முன்பு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ‘எவ்வளவு தேறுவார் என்று ரத்தத்திலேயே தெரிந்துவிடும்’ என்று ஒருவர் சொல்லி, ஒரு பேக்கேஜ் டெஸ்ட் எடுக்க வைத்தார். அதில் நியூரோஃபிலமென்ட் என்று ஒன்று பல மடங்கு அதிகம் என்று சிவப்பில் வந்திருக்கிறது. சிஆர்பியும் கூடுதல். அதைப் பார்த்ததிலிருந்து அப்பா பிசியோதெரபியே வேண்டாம் என்கிறார். அடுத்த மாதம் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பிசியோதெரபியை நிறுத்தவும் வேண்டாம். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நியூரோஃபிலமென்ட் என்பது நரம்பிழைகளுக்குள் கம்பிபோல ஓடும் ஒரு புரதம். இழை அறுந்தால் அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். வீடு இடிந்தால் தெருவெல்லாம் செங்கல் தூள் பறக்கும் இல்லையா, அதுபோல. தூளை வைத்து எவ்வளவு இடிந்தது என்று ஊகிக்கலாம். கொத்தனார் எப்போது வருவார் என்று ஊகிக்க முடியாது. அதிலும் இந்தத் தூள் உடனே உச்சத்துக்குப் போவதில்லை. இரண்டு மூன்று வாரம் ஏறிக்கொண்டே போய், பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். அப்பாவுக்கு ரத்தம் எடுத்தது சரியாக உச்சத்தில். பக்கத்தில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ அளவோ பக்கவாதமே வராதவர்களுடையது. சிவப்பில் வராமல் என்ன செய்யும்?

நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த அளவு கூடியவர்கள் சராசரியாகக் குறைவாகத் தேறுகிறார்கள் என்பது உண்மைதான். ஆராய்ச்சிக்கு அது உதவும். ஒரு தனி மனிதரின் கை திரும்புமா என்று சொல்ல உதவாது. வயது கூடினாலும் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும்கூட அது ஏறும்.

அந்த ‘ஒருவர்’ யார் என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டராக இருக்க வாய்ப்பில்லை. பக்கவாத நோயாளி இருக்கும் வீட்டை இப்படி டெஸ்ட் விற்கிறவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். முதலில் டெஸ்ட், எண்ணைக் காட்டிப் பயமுறுத்தல், பிறகு அந்த எண்ணை இறக்க ஊசி, ஸ்டெம்செல், நரம்பு டானிக். மறுபடி டெஸ்ட் எடுத்தால் எண் இறங்கியிருக்கும். எந்த ஊசியும் போடாமலே அது இறங்கும் என்பதுதான் வேடிக்கை. பெயர் அவர்களுக்கு, செலவு உங்களுக்கு. மறு டெஸ்டுக்கு அவசரப்படுகிறவர் அடுத்து எதை நீட்டப்போகிறார் என்று பாருங்கள்.

சரி, வேறு எதைத்தான் பார்ப்பது? விரலை. மூன்றாம் நாள் அப்பாவால் அந்த மேல்கையை உடம்பிலிருந்து பக்கவாட்டில் கொஞ்சமாவது விலக்க முடிந்ததா, மடங்கியிருந்த விரல்கள் ஒரு நூலளவாவது நிமிர்ந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், முதல் 72 மணி நேரத்துக்குள் இரண்டும் ஓரளவு முடிந்தவர்களுக்கு, ஆறாவது மாதத்தில் அந்தக் கை ஓரளவாவது பயன்படும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டுமே முடியாதவர்களுக்கு 25 சதவீதம். அதாவது அவர்களிலும் நாலில் ஒருவர். இதற்கு ஊசி வேண்டாம், லேப் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். ஆனால் என்னிடம் வரும் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் நாலு பக்கத்துக்கு ரத்தக் கணக்கு இருக்கிறது, விரல் அசைந்ததா என்று ஒரு வரி இருப்பதில்லை. கேட்டால் ‘ஃபார்மில் அதற்கு இடமில்லை’ என்கிறார்கள். குடும்பத்தாரைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்து விரல் நிமிரத் தொடங்கினாலும் நல்ல சேதிதான்.

இப்போது அந்த சிஆர்பி. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம் அது. இதை மட்டும் தள்ளிவிடாதீர்கள். பக்கவாதம் வந்த முதல் சில நாள் அது தானாகவே ஏறும், சரி. மூன்று வாரம் ஆகியும் கூடுதலாக இருந்தால் எங்கோ கிருமி இருக்கிறதா என்று தேட வேண்டும். தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? விழுங்கியது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். சிறுநீர் போக மாட்டிய குழாய் இன்னும் இருக்கிறதா, சிறுநீர் கலங்கி நாறுகிறதா? முதுகைத் திருப்பிப் படுக்கைப்புண் பாருங்கள், குதிகாலையும் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தால் அது வேறு கதை, அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கிருமி இருக்கும்போது தேறிவந்த கை மறுபடி தளரலாம். ‘திரும்ப விழுந்துவிட்டது’ என்று வீடே அழும். கிருமிக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்காக, திடீரென வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ கைகால் பலம் இழந்தாலோ கிருமி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அப்பா மறுப்பதற்கு ரிப்போர்ட் மட்டும் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். தூக்கம், பசி, பேச்சு குறைந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. ரிப்போர்ட்டை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, நாளைக் காலை அந்த இடது கையை உங்கள் மடியில் தாங்கிக்கொண்டு, விரலை நிமிர்த்தச் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள்.