மாதிரி ரயில் இன்ஜின் தடத்தின் மறுகோடியில் மட்டும் தளர்வது ஏன்?

மின் இணைப்புக்கு அருகில் விரைந்தோடும் இன்ஜின் மறுகோடியில் தளர்ந்துவிடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை இன்ஜினில் இல்லை. தண்டவாளத் துண்டுகளைப் பிணைக்கும் சிறிய உலோக இணைப்பிகளில்தான் இருக்கிறது.

12 வோல்ட் டிசி (நேர்மின்னோட்ட) அமைப்பில், ஒரு தண்டவாளம் நேர்முனையாகவும் மற்றொன்று எதிர்முனையாகவும் இருக்க, மின்சாரம் சக்கரங்கள் வழியே மோட்டாரை அடைகிறது. வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும், முனைகளை மாற்றினால் திசை மாறும். இணைப்பிகள் அழுக்கேறித் தளரும்போது, ஒவ்வொன்றும் சிறிது மின்தடையைச் சேர்க்கிறது. அரை ஆம்பியர் எடுக்கும் இன்ஜினின் பாதையில் மொத்தம் 4 ஓம் தடை சேர்ந்தால், 2 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும்.

இதை வோல்டேஜை அளக்கும் மல்டிமீட்டர் கருவியால் அறியலாம். ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். சுமையின்றி அளந்தால், மீட்டர் எங்கும் ஏறத்தாழ முழு வோல்டேஜையே காட்டி உங்களை ஏமாற்றும்.

இணைப்பிகளை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, மேசைக்கு அடியில் தடம் நெடுக இரண்டு தடித்த கம்பிகளைக் கொண்டு சென்று, அவற்றிலிருந்து மெல்லிய கிளைக் கம்பிகளை தடத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஓர் இடத்திலாவது இரு தண்டவாளங்களின் வெளிப்பக்கத்திலும் சால்டர் செய்வதே (ஈயப்பற்று வைப்பதே) என் பரிந்துரை. கம்பிகளுக்கு இரு நிறங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மாறினாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.