கேளுங்கள், சொல்கிறோம்: ஆலைக்கு எந்த கன்ட்ரோல் சிஸ்டம்?

கேள்வி: எங்கள் புதிய கெமிக்கல் ஆலையில் ரியாக்டர், டிஸ்டிலேஷன், பேக்கிங் என்று மூன்று பிரிவுகள், மொத்தம் சுமார் 900 ஐ.ஓ. புள்ளிகள் (கன்ட்ரோலருக்கு வந்து போகும் சிக்னல்கள்). புராசஸ் ஆட்கள் டி.சி.எஸ். (கன்ட்ரோலரும் திரையும் ஒரே தொகுப்பாக வரும் சிஸ்டம்) கேட்கிறார்கள். எலெக்ட்ரிக்கல் ஆட்கள் பி.எல்.சி.யும் (இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்) ஸ்காடாவும் (அதைத் திரையில் பார்த்து இயக்கும் மென்பொருள்) போதும், பாதி விலையில் முடியும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு தரப்பு சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் அந்தப் பாதி விலையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெட்டிக்கு மட்டும் போடும் விலை. டி.சி.எஸ்.ஸில் ஒரு டேக்கை (ஒரு அளவீட்டுக்கோ கருவிக்கோ வைக்கும் பெயர்) ஒரு தடவை உருவாக்கினால் ஃபேஸ்பிளேட் (திரையில் அதை இயக்கும் சிறு பலகை), அலாரம், டிரெண்ட் (வரைபடம்) எல்லாம் அதோடு வந்துவிடும். தனித்தனியாக வாங்கிச் சேர்த்த பி.எல்.சி., ஸ்காடா என்றால் கன்ட்ரோலரில் ஒரு முறை, ஸ்காடாவில் ஒரு முறை எழுதவேண்டியிருக்கும், பிற்பாடு ஒரு டிரான்ஸ்மிட்டரின் (அளந்து சிக்னல் அனுப்பும் கருவி) ரேஞ்சை மாற்றினாலும் இரண்டு இடத்திலும் மறக்காமல் மாற்றவேண்டும். அந்த உழைப்பையும் கொட்டேஷனில் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் நிறையவே சுருங்கும்.

இரண்டும் பிறந்த இடமே வேறு. 1969-ல் வந்த மோடிகான் 084 என்ற பி.எல்.சி. கார் தொழிற்சாலைகளின் ரிலே பேனல்களை ஒழிக்கப் பிறந்தது. ஹனிவெல்லின் டி.டி.சி. 2000, யோகோகாவாவின் சென்டம் என்ற டி.சி.எஸ்.கள் இரண்டும் 1975-ல், இரவு பகலாக ஓடும் ஆலைகளின் லூப்புகளுக்காக (அளந்து அளந்து சரிசெய்துகொண்டே இருக்கும் கன்ட்ரோல்) வந்தவை. இன்று ஒன்றின் வேலையை இன்னொன்றும் செய்யும், ஆனாலும் பழைய குணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பேக்கிங்கில் சென்சார் பார்த்த சில மில்லிசெகண்டில் சிலிண்டர் நகரவேண்டும், அங்கே பி.எல்.சி.தான். டிஸ்டிலேஷனில் வெப்பநிலை நிமிடக் கணக்கில் நகரும், செகண்டுக்கு ஒரு தடவை கன்ட்ரோலர் பார்த்தாலே தாராளம். அங்கே வேண்டியது கேஸ்கேட் லூப்புகளை (ஒரு லூப் இன்னொரு லூப்புக்கு இலக்கு கொடுப்பது) வசதியாகக் கையாள்வதும், ஆலையை நிறுத்தாமல் புரோகிராமை மாற்றுவதும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் இரண்டு பிரிவுக்கும் டி.சி.எஸ்., பேக்கிங்குக்கு பி.எல்.சி., நடுவே சில சிக்னல்கள் என்று முடித்திருப்பேன். நடு ராத்திரியில் கோளாறு வந்தால் லேப்டாப்பைத் திறக்கப்போவது யார் என்பதையும் இப்போதே கேளுங்கள். உங்கள் ஆட்கள் கைப்பழக்கம் எல்லாம் பி.எல்.சி.யில்தான் என்றால் என் முடிவு மாறலாம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிராண்ட் பேசுவதற்கு முன்னால் ஐ.ஓ. லிஸ்டை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த கார்டு (சிக்னல் வயர்கள் சேரும் சர்க்யூட் பலகை) செத்தால் என்ன நிற்கும் என்று ஒவ்வொரு கார்டாகக் கேளுங்கள். ஃபீட் பம்ப் ஏ-யும் அதன் ஸ்டாண்ட்பை பி-யும் ஒரே அவுட்புட் கார்டில் இருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஸ்டாண்ட்பைக்கு அர்த்தமே இல்லை. ரிடண்டன்ட் (ஒன்று போனால் இன்னொன்று என்று இரட்டையாக வைத்த) நெட்வொர்க்கின் இரண்டு கேபிளும் ஒரே டிரேயில் போனால் தீ வரும்போது அது ஒரு கேபிள்தான். ரிடண்டன்ட் கன்ட்ரோலர் ஹார்டுவேர் கோளாறுக்குக் கைகொடுக்கும், லாஜிக்கில் தப்பு இருந்தால் இரண்டும் அதே தப்பைத்தான் செய்யும். ரியாக்டரையும் டிஸ்டிலேஷனையும் ஒரே கன்ட்ரோலரில் கட்டாதீர்கள், ஒன்று விழுந்தால் மற்றது தன்பாட்டுக்கு ஓடவேண்டும்.

கேள்வி: டிரிப் லாஜிக்கையும் (ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் புரோகிராம்) அதே கன்ட்ரோலரில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். டிரிப்புக்குத் தனி டிரான்ஸ்மிட்டர், தனி லாஜிக் சால்வர் (நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் சேஃப்டி கன்ட்ரோலர்), தனி வால்வு. கன்ட்ரோல் செய்கிற லெவல் டிரான்ஸ்மிட்டரே பொய் சொன்னால், அதையே நம்பியிருக்கும் டிரிப் எப்படிக் காப்பாற்றும்? புராசஸ் ஆலைகளின் பாதுகாப்பு சிஸ்டங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 61511-ம் இந்தப் பிரிவினையைத்தான் வலியுறுத்துகிறது. கமிஷனிங் (ஆலையைச் சோதித்து ஓட்டத்துக்குக் கொண்டுவருவது) முடிந்ததும் சேஃப்டி கன்ட்ரோலரின் சாவியைப் புரோகிராம் நிலையிலிருந்து எடுத்துவிடுங்கள். 2017-ல் சவுதி ஆலை ஒன்றின் சேஃப்டி கன்ட்ரோலர்களுக்குள் ட்ரைட்டன் என்ற வைரஸ் புகுந்தபோது சாவி அந்த நிலையில்தான் இருந்தது.

கேள்வி: எல்லா டேக்குக்கும் ஹை, லோ அலாரம் வைக்கச் சொல்கிறார் எங்கள் மேலாளர்.

பதில்: 1994-ல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு 275 அலாரம் வந்தன என்று அவரிடம் சொல்லுங்கள். சாதாரண ஓட்டத்தில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் ஏற்கத்தக்க அளவு. ஒரு அலாரம் அடித்தால் ஆபரேட்டர் செய்யவேண்டிய வேலை என்ன என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் அதை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.